விழும் இடம்

ஆட்டக்காரர் பட்டியலை நான்தான் எழுதுவேன்.
கணுக்கால் உடைந்த கோல்கீப்பருக்குக்
கல்லூரி கொடுத்த வேலை:
ஐஸ் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், பட்டியல்.

இரண்டு பருவமாய்க் கடைசி வரியில் எழிலரசன்.
ரூமி எழுத்தில் எழுதவேண்டும்;
ழ-வுக்கு எதைப் போடுவது?
ஒரு வாரம் எல், ஒரு வாரம் இசட்-எச்,
அவசரத்தில் ஒரு வாரம் ஆர்.
களமிறங்காதவன் பெயரை
யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

இருபத்தெட்டாம் எண் ஜெர்சி,
யாரோ விட்டுப்போனது, தோளில் தொங்கும்.
பெஞ்சின் ஈர ஓரத்தில் உட்கார்ந்து
பகாவ் எண்ணெய் ஆலைப் புகை
எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்பான்.
காற்றைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியாது.
பாதித் தூக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஹஃபீஸ் தொழிற்பயிற்சிக்கு ஜொகூர் போய்விட்டான்.
வேறு காரணம் எதுவும் இல்லை.
கோச் ரம்லி பட்டியலைக்
கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார்.
"இவனை விடு" என்றார்,
மழைக்கு ஏதோ ஒரு கூரை போதும் என்பவர் மாதிரி.

சிகாமாட் ஆட்டம். எழுபதாம் நிமிடம்.
பின்னாலிருந்து வெய் ஹோங் கண்ணை மூடி உதைத்த பந்து
விளக்குக் கம்பத்துக்கு மேலே போய் இருட்டில் மறைந்தது.
எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.
இவன் பார்க்கவில்லை.
உதைத்த சத்தத்துக்கு முதுகைக் காட்டி ஓடினான்,
ஐந்தடி இடம் மாறினான்,
நின்றான்.
வீடு திரும்பிய பூனை மாதிரி
பந்து அவன் நெஞ்சில் இறங்கியது.

எப்படிடா என்று பஸ்ஸில் கேட்டேன்.
அவனுக்கு மைலோ பாக்கெட்டில்தான் கவனம்.
"லீவு நாள்ல செம்பனை வெட்டுற எடத்துல
மட்டை இழுக்கப் போவேன்.
மேலேயே பாத்துக்கிட்டு நின்னா கண்ணுல தூசிதான் விழும்.
காம்பு அறுபடுற சத்தம் கேட்டதும்
குலை எங்க விழும்னு தெரிஞ்சிடணும்.
அங்க நிக்கக்கூடாது.
இங்க, அங்கதான் நிக்கணும்.
அவ்ளோதான்."

குளுவாங்கில் இரண்டு.
கோலாப்பிலா மழையில் ஒன்று,
சேற்றில் வழுக்கி உட்கார்ந்தபடியே.
தங்காக்கில் மூன்று போட்ட ராத்திரி
மாமாக் கடைக்காரர் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை,
தேத்தண்ணிக்கு மட்டும் வாங்கினார்.
தோட்டத்துப் பையன்கள் மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து
திடல் வேலியில் ஏறி உட்கார்ந்தார்கள்.
எதிரணியில் ஒருவன் ஆட்டம் முழுக்க
இவனையே உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடினான்.
அப்படி ஒருவனை அனுப்பும் அளவுக்கு
நம்ம ஆள் வளர்ந்துவிட்டான் என்று
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பெருமைப்பட்டேன்.
மொத்தம் பதின்மூன்று. நான் எண்ணினேன்.

பருவம் முடிந்து லீக்கிலிருந்து தாள் வந்தது.
அதிக கோல் போட்டவன், மெர்சிங் பையன்: எட்டு.
கோப்பையும் கொடுத்தாகிவிட்டது.
எங்கள் ஆளைத் தேடினேன்.
நான்காம் இடத்தில் இருந்தான், ஐந்து கோலோடு.
ஏழாம் இடத்திலும் இருந்தான், நாலு.
எட்டாம் இடத்தில் ஆர் போட்டு இன்னொரு நாலு.

என் கை அவனை மூன்று பேராக்கியிருந்தது.

கடிதம் போட்டேன். காலக்கெடு முடிந்தது என்றார்கள்.
மறுபடி போட்டேன். பதிலே இல்லை.

தாளை அவனிடம் நீட்டியபோது
மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தான்,
மெதுவாக, பரீட்சை முடிவு பார்ப்பதுபோல.
"பரவால்ல, மூணு பேருமே
நல்லாத்தான் ஆடியிருக்கானுங்க."

அதற்கு நான் சிரித்திருக்கலாம்.

அடுத்த மாதம் ஹஃபீஸ் திரும்பி வருகிறான்.
புதுப் பட்டியல், முதல் ஆட்டம், வியாழக்கிழமை.
இந்த முறை விடுவதாயில்லை;
அவன் அடையாள அட்டையை வாங்கி
விளக்குக்கு அடியில் பிடித்தேன்.

அதில் நான்காவது விதமாக இருந்தது.